நிலப் பயன்பாட்டு மாற்றம்: மதிப்பிடுவது யார், இழப்பது யார்?

(உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கான கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சி மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் மிகக் குறைந்த நேரம் பேசப்படும் பொருளும், மிகப் பெரிய தொகையைக் கைமாற்றும் பொருளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதுதான் நிலப் பயன்பாட்டு மாற்றம். குடிநீர்க் குழாய்க்காகவும் தெருவிளக்குக்காகவும் மணிக்கணக்கில் வாதிடும் அதே மன்றம், இன்ன புல எண்ணில் அடங்கிய இத்தனை ஏக்கர் நிலத்தைத் தொழில் பயன்பாட்டிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றப் பரிந்துரைக்கலாம் என்ற தீர்மானத்தை ஒரே நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு அடுத்த பொருளுக்குச் செல்கிறது. தீர்மானத்தின் மொழி வறண்டது. அதில் எந்த மனிதரின் பெயரும் இராது. ஆனால் அந்த ஒரு வரியின் விளைவாக ஓர் ஆலை நிரந்தரமாக மூடப்படலாம், வயல் மனைகளாகலாம், மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்ந்த உழைப்பாளிகள் நகரத்தின் விளிம்புக்குத் தள்ளப்படலாம்.

இத்தகைய மாற்றங்களை உள்ளாட்சிகள் எவ்வாறு மதிப்பிடுகின்றன, எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். இது பொறியாளர்களுக்கும் நகரமைப்பு அலுவலர்களுக்கும் மட்டுமே புரியும் தொழில்நுட்ப விவகாரம் என்ற எண்ணம் கட்சி அணிகளிடமும் உண்டு. அந்த எண்ணத்தால் பலன் பெறுவோர் நில வணிகர்களே.

சட்டம் காட்டும் வழி

சட்டப்படி திட்டம் தயாரிக்கப்பட்ட நகரங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கும். வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் பச்சை என வண்ணங்கள் தீட்டுவது வழக்கம. குறித்த பயன்பாட்டுக்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்த வேண்டுமாயின் திட்டத்தையே திருத்த வேண்டும். அத்திருத்தத்துக்கு ஒவ்வொரு மாநிலச் சட்டத்திலும் ஒரு நடைமுறை உண்டு.

எடுத்துக்காட்டாக, 1966ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மண்டல, நகரமைப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவைக் காணலாம். திட்டத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றாத திருத்தமாக இருந்தால், திட்டமிடும் அதிகார அமைப்பு அதனை அரசிதழில் அறிவிப்பாக வெளியிட வேண்டும்; ஒரு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் பெற வேண்டும்; ஆட்சேபித்தவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும்; அதன் பின்னர் மாநில அரசின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். இறுதி ஒப்புதல் மாநில அரசின் கையில்தான் உள்ளது. திருத்தம் தேவையென மாநில அரசே கருதினால் மாநகராட்சிக்கு அவ்வாறு ஆணையிடவும் அதற்கு அதிகாரம் உண்டு.

தில்லியில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. 1957ஆம் ஆண்டின் தில்லி வளர்ச்சிச் சட்டத்தின் 11அ பிரிவின்படி, நிலப் பயன்பாட்டின் அளவைத் தொடும் திருத்தத்தைச் செய்ய வேண்டியது ஒன்றிய அரசு. தில்லி மக்கள் தேர்ந்தெடுத்த மாநகராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் அதில் முடிவெடுக்கும் இடமில்லை.

ஆக, நடைமுறை என்பது ஏறத்தாழ இப்படி நகர்கிறது: விண்ணப்பம், நகரமைப்புப் பிரிவின் அறிக்கை, குழுவின் பரிந்துரை, மன்றத்தின் தீர்மானம், பொது அறிவிப்பு, ஆட்சேபனை, விசாரணை, அரசின் ஒப்புதல், அரசிதழ். ஏட்டளவில் இது சனநாயகமாகவே தோன்றும். ஆனால் இந்தச் சங்கிலியில் மக்களின் குரல் நுழையும் கண்ணிகள் இரண்டே. ஒன்று மன்றத்தின் தீர்மானம். மற்றொன்று ஆட்சேபனைக்கான அந்தக் குறுகிய காலம். எனவே இவ்விரண்டிடத்தும் என்ன நடக்கிறது என்பதே முதன்மையான கேள்வி.

எவை மதிப்பிடப்படுகின்றன?

நகரமைப்பு அலுவலரின் குறிப்பில் வழக்கமாகச் சில தலைப்புகள் இருக்கும். நிலம் எங்குள்ளது, சுற்றியுள்ள பயன்பாடுகள் எவை, அணுகுசாலையின் அகலம் எவ்வளவு, நீர்நிலையோ காடோ அருகில் உள்ளதா, உரிமை ஆவணங்கள் சரியாக உள்ளனவா என்பன அவை. இவை தேவையானவையே. குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், தீயணைப்பு, போக்குவரத்து ஆகியவற்றின் தாங்குதிறனையும் சேர்த்து ஆராய்ந்தால் அறிக்கை இன்னும் முழுமையாகும்.

ஆயினும் இரண்டு கேள்விகளுக்கு இந்த அறிக்கைகளில் தலைப்பே இருப்பதில்லை. அந்த நிலத்தில் இப்போது உழைப்போரும் வாழ்வோரும் யார், அவர்கள் எங்கே போவார்கள் என்பது முதல் கேள்வி. மாற்றத்தால் உயரும் நிலமதிப்பு யாருக்குச் சேரும் என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்வியைச் சற்று விரித்துக் காண வேண்டும். எடுத்துக்காட்டாக, நகர எல்லையில் ஓர் ஏக்கர் வயல் 50 லட்சம் ரூபாய் பெறுவதாக வைத்துக்கொள்வோர், அது குடியிருப்புப் பகுதியாக வகைமாற்றப்பட்டதும் 3 கோடி ரூபாய் பெறக் காண்கிறார்கள் எனக் கொள்ளலாம். இடைப்பட்ட இரண்டரைக் கோடியை உண்டாக்கியது எது? உரிமையாளர் அதில் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. சாலையைப் போட்டது அரசு. குடிநீரைக் கொண்டுவந்தது மாநகராட்சி. நகரத்தை வளர்த்தது இலட்சக்கணக்கானவர்களின் உழைப்பு. இறுதியில் மதிப்பை உயர்த்தியது ஒரு பொது அமைப்பின் கையொப்பம். சமூகம் உருவாக்கிய மதிப்பு, நிலத்தின் மீதான தனியுடைமை காரணமாக ஒரு தனிநபரின் வருவாயாகிறது.

இதைத்தான் மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் நில வாடகை பற்றிய பகுதியில் ஆராய்ந்தார். அதன் 46ஆம் அத்தியாயம் கட்டட மனைகளின் வாடகையைத் தனியே எடுத்துக்கொள்கிறது. விரைந்து வளரும் நகரங்களில் கட்டுமான ஊகவணிகத்தின் கண் வீட்டின் மீது இருப்பதைவிட நில வாடகையின் மீதே இருப்பதை அவர் அங்கு எடுத்துக்காட்டுகிறார். எங்கெல்ஸ் 1872இல் எழுதத் தொடங்கிய ‘வீட்டுப் பிரச்சினை’ கட்டுரைகளில், நகர மையத்தில் நிலமதிப்பு ஏறும்போது தொழிலாளர் குடியிருப்புகள் எவ்வாறு இடிக்கப்பட்டு வெளியே தள்ளப்படுகின்றன என்பதை விளக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் இந்திய நகரங்களின் கோப்புகளில் அதே இயக்கம்தான் நடைபெறுகிறது.

கிர்ணகாவ் கற்பித்த பாடம்

மும்பையின் பரேல், லால்பாக், வொர்லி பகுதிகளை உள்ளடக்கிய ஆலைப் பகுதிக்குக் ‘கிர்ணகாவ்’ என்று பெயர். ஆலைகளின் ஊர் என்று பொருள். 1928ஆம் ஆண்டின் மாபெரும் பொது வேலைநிறுத்தத்தில் கிர்ணி காம்கார் சங்கம் பிறந்து வளர்ந்த மண் அது. பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூனில் படுகொலை செய்யப்பட்டதும் அங்கேதான். 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினர். அந்தப் போராட்டம் தோற்கடிக்கப்பட்ட பின்னர், ஆலை முதலாளிகளுக்கு நெசவைவிட நிலம் இலாபகரமாகத் தெரிந்தது. அவர்களிடம் இருந்த நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர்.

தடையாக நின்றது நிலப் பயன்பாடு. அந்த நிலம் தொழிலுக்கானது. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆம் விதி ஆலை நிலங்களை வேறு பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனையோடு திறந்தது. ஆலை நிலம் முழுவதையும் ஏறத்தாழ மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும்: ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளிக்காக, ஒரு பங்கு மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியத்துக்குப் பொதுக் குடியிருப்புக்காக, எஞ்சியது உரிமையாளருக்கு. ஐந்து எக்டேர் வரையிலான நிலத்தில் இந்த விகிதம் முறையே 33, 27, 40 விழுக்காடு. பத்து எக்டேருக்கு மேற்பட்டால் 33, 37, 30 விழுக்காடு. குறைகள் இருந்தபோதிலும், பயன்பாட்டு மாற்றத்தால் விளையும் மதிப்பில் பெரும்பகுதி பொதுமக்களுக்குத் திரும்ப வேண்டும் என்ற கொள்கை அதில் இருந்தது. 1996இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலை நிலங்களை ஒருங்கிணைத்துத் திட்டமிடும் யோசனைகளையும் அளித்தது.

2001இல் அந்த விதி திருத்தப்பட்டது. திருத்தம் பார்வைக்குச் சிறியது. பங்கிட வேண்டியது ஆலை நிலம் முழுவதையும் அன்று, கட்டடம் இல்லாத திறந்த நிலத்தை மட்டுமே என்று ஆயிற்று. ஆலை என்பது பெரும்பாலும் கட்டடங்கள் நிறைந்த இடம். ஆகவே பங்கிட எஞ்சிய நிலம் சிறு துண்டுகளாகச் சுருங்கியது. பூங்காவுக்கும் தொழிலாளர் வீட்டுக்கும் போக வேண்டிய நூற்றுக்கணக்கான ஏக்கர் இலக்கணம் மாறியதால் முதலாளிகளின் கைக்குப் போயிற்று.

வழக்கு நடந்தது. கட்டடத்தை இடித்த பின் கிடைக்கும் நிலமும் திறந்த நிலமே என்று மும்பை உயர்நீதிமன்றம் 2005 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, ஏற்கெனவே காலியாக இருந்த நிலம் மட்டுமே பங்குக்கு உரியது என்றது. இதற்கிடையே 2005இல் தேசிய பஞ்சாலைக் கழகம் ஐந்து ஆலைகளின் நிலத்தை ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய்க்கு விற்றிருந்தது. மும்பை டெக்ஸ்டைல் மில் ஒன்று மட்டுமே 702 கோடி ரூபாய்க்கு ஒரு கட்டுமான நிறுவனத்திடம் சென்றது. வீடு கேட்டு விண்ணப்பித்த ஆலைத் தொழிலாளர்களும் வாரிசுகளும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். குலுக்கல் வழியே வீடு பெற்றவர்கள் அதில் சிறு பகுதியினரே.

மதிப்பீடு செய்யாததன் விலை பணத்தோடு முடியவில்லை. ஆலைகள் நின்ற இடத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. பழைய காலத்துக்கென அமைந்த இரயில் நிலையங்களும் நடைபாலங்களும் அப்படியே இருந்தன. 2017 செப்டம்பர் 29 காலையில் எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். அவர்கள் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தவர்கள். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று, பழைய கமலா மில் வளாகத்தின் உணவகக் கூரையில் பற்றிய தீ 14 பேரைப் பலிகொண்டது. ஒரு பகுதியின் பயன்பாடு மாறும்போது நாள்தோறும் எத்தனை பேர் வந்துபோவார்கள், எந்தப் பாலம் தாங்கும், தீயணைப்பு வண்டி எந்த வழியாக நுழையும் என்ற கேள்விகள் வெறும் அலுவலகச் சம்பிரதாயமல்ல என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொழிலுக்கென எடுத்து வீட்டுக்கென விற்றது

உத்தரப்பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவில் சாபேரி என்ற கிராமம். அங்கு 156 எக்டேர் விவசாய நிலம், திட்டமிட்ட தொழில் வளர்ச்சி என்ற பெயரில், விவசாயிகளின் ஆட்சேபனையைக் கேட்கத் தேவையில்லாத அவசரப் பிரிவைப் பயன்படுத்தி, 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டத்தின்கீழ் கையகப்படுத்தப்பட்டது. பின்னர் அந்த நிலம் தனியார் கட்டுமான நிறுவனங்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்புக்காகக் கொடுக்கப்பட்டது. தொழிலிலிருந்து குடியிருப்புக்கு மாற்றும் நடைமுறை அதன் பின்னால் ஓடி வந்தது. 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலை இரத்து செய்த அலகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்து, வளர்ச்சி ஆணையத்துக்கு 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது.

இங்கு கவனிக்க வேண்டியது வரிசைமுறை. மதிப்பீடு முதலில், முடிவு பின்னர் என்பது சட்டம். முடிவு முதலில், ஒதுக்கீடு அடுத்து, மதிப்பீடு கடைசியில் என்பது நடப்பு. நிலப் பயன்பாட்டு மாற்றக் கோப்பு மன்றத்துக்கு வரும்போது அந்த நிலத்தில் ஏற்கெனவே விளம்பரப் பலகை நிற்கிறதா, முன்பதிவு நடக்கிறதா என்று நேரில் சென்று பார்ப்பது, உறுப்பினர் செய்யக்கூடிய முதல் மதிப்பீடு.

விசாரணை என்னும் சடங்கு

ஆட்சேபனைகளைக் கேட்பது என்ற கட்டம் எவ்வளவு வெறுமையாக்கப்பட முடியும் என்பதைத் தலைநகரமே காட்டியது. சென்ட்ரல் விஸ்டா திட்டத்துக்காக நிலப் பயன்பாட்டை மாற்றும் பொது அறிவிப்பு 2019 டிசம்பரில் வெளியாயிற்று. 1,292 ஆட்சேபனைகளும் ஆலோசனைகளும் வந்தன. அவற்றின் மீதான விசாரணை 2020 பிப்ரவரி 6, 7 ஆகிய இரண்டே நாட்களில் முடிக்கப்பட்டது. மார்ச் 20 அன்று மாற்றம் அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரி 5 அன்று உச்சநீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் திட்டத்தை ஏற்றது. நிலப் பயன்பாட்டு மாற்றத்தைப் பொறுத்தவரை மக்களுக்குப் போதிய தகவல் தரப்படவில்லை, பொருளுள்ள பங்கேற்பு நிகழவில்லை என்று நீதிபதி சஞ்சீவ் கன்னா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பின் சாரம் ஒவ்வொரு பேரூராட்சிக்கும் பொருந்தும். புல எண்களை மட்டும் அச்சிட்டு ஆட்சேபனை கேட்பது கேட்பதாகாது. எதற்காக மாற்றம், என்ன கட்டப்படும், எவ்வளவு உயரம், எத்தனை மரம், எத்தனை குடும்பம் என்று சொன்னால்தான் மக்கள் கருத்துச் சொல்ல இயலும். தகவல் இன்றிக் கேட்கப்படும் ஆட்சேபனை, வழக்கு வந்தால் காட்டுவதற்காகச் சேகரிக்கப்படும் காகிதமே.

எனினும் சட்டப் போராட்டம் பயனற்றது என்று இதிலிருந்து முடிவு செய்யலாகாது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட திறந்தவெளி, முதலமைச்சரின் கட்டளையின்பேரில் தனியார் மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த மாற்றத்தை இரத்து செய்தது. திட்டத்தில் பொதுவெளியாகக் குறிக்கப்பட்டதை அதிகாரத்தில் இருப்போரின் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்பதும், சுற்றி வாழும் மக்களுக்கு அதை எதிர்க்க உரிமை உண்டு என்பதும் அதனால் நிலைநாட்டப்பட்டன. இத்தீர்ப்பு இன்றும் கையில் எடுக்கத்தக்க கருவி.

தில்லி: யாருக்கு இரும்பு, யாருக்கு மெழுகு?

நிலப் பயன்பாட்டு விதிகளைக் காப்பதே எப்போதும் இடதுசாரி நிலைப்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. அதே விதிகள் உழைப்பாளிகளுக்கு எதிரான கோடரியாகவும் வீசப்பட்டுள்ளன.

1996 ஜூலையில், தில்லியின் முழுமைத் திட்டத்தை மேற்கோள் காட்டி, 168 அபாயகரமான தொழிற்கூடங்களை அவ்வாண்டு நவம்பர் 30க்குள் நகரிலிருந்து அகற்ற உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தொடர்ந்து, குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய சிறு தொழிற்கூடங்களும் திட்டத்துக்குப் பொருந்தாதவை என்று முத்திரையிடப்பட்டன. 2000 நவம்பரில் அவற்றுக்குப் பூட்டுப் போடும் நடவடிக்கை தீவிரமானபோது தில்லித் தெருக்களில் தொழிலாளர்களும் சிறு உற்பத்தியாளர்களும் கொந்தளித்தனர். தூய காற்று தேவை என்பதில் ஐயமில்லை. அந்தக் காற்றை முதலில் சுவாசிப்பவர்கள் தொழிலாளர்களே. ஆனால் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்து கூலிக்கு உழைத்தவர்களின் பிழைப்புக்கு அங்கே யாரும் மதிப்பீடு செய்யவில்லை.

2006இல் குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய கடைகளுக்கும் அதே நீதிமன்ற ஆணையின் வழியே பூட்டுப் போடத் தொடங்கியபோது நிகழ்ந்தது வேறு. சில மாதங்களிலேயே முழுமைத் திட்டம் திருத்தப்பட்டது. கலப்புப் பயன்பாடு என்ற பெயரில் நூற்றுக்கணக்கான தெருக்களில் கடைகளுக்கு இடம் தரப்பட்டது. சிறு வணிகர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பை யாரும் குறை கூற வேண்டியதில்லை. கேள்வி இதுதான்: தொழிலாளிக்கு எதிரே இரும்பாக நின்ற திட்டம், வாக்கு வலிமையும் பண வலிமையும் கொண்ட பிரிவினர் எதிரே வந்ததும் மெழுகாக இளகியது எப்படி?

எனவே மாற்றம் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் தம்மளவில் முற்போக்கோ பிற்போக்கோ அல்ல. பட்டா இல்லாத குடியிருப்பை ஒழுங்குபடுத்தவும், கைவினைஞர் தெருவைக் காக்கவும், தொழிலாளர் விடுதி கட்டவும் வகைமாற்றம் தேவையெனில் அதற்காகப் போராட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆராய வேண்டியது, அம்மாற்றம் எந்த வர்க்கத்துக்கு எதைக் கொடுக்கிறது, எந்த வர்க்கத்திடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதே.

அரசியல் சட்டம் தந்ததும் அரசுகள் தராததும்

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. அதன் முதல் இனம் நகரமைப்பு உள்ளிட்ட நகர்ப்புறத் திட்டமிடல். இரண்டாவது இனம் நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்தல். ஆனால் 243வ பிரிவு இவ்வதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் விரும்பினால் கொடுக்கலாம் என்ற அளவிலேயே நிற்கிறது. பெருநகரத் திட்டக் குழுவில் குறைந்தது மூன்றில் இரு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பெரும்பாலான பெருநகரங்களில் அந்தக் குழு பெயரளவில்தான் உள்ளது, அல்லது அமைக்கப்படவே இல்லை. உண்மை அதிகாரம் நியமனம் பெற்ற வளர்ச்சி ஆணையங்களிடமும் சிறப்புத் திட்ட அமைப்புகளிடமும் உள்ளது.

மும்பை தாராவி இதற்கு இன்றைய சான்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தோல் பதனிட்டவர்களும் மண்பாண்டம் வனையும் குஜராத்திகளும் உருவாக்கிய உழைப்பாளர் நகரம் அது. அதன் மறுசீரமைப்புக்கான திட்டமிடும் அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை. தனி ஆணையத்திடம் உள்ளது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் முதலீட்டு ஏலத்தில் அதானி குழுமம் முந்தியது. கூட்டு நிறுவனத்தில் அந்தக் குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. 2000 ஜனவரி 1க்கு முன்னர் குடியேறியதை நிறுவ முடிந்தவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது ஏற்பாடு. இவ்வளவும் நடந்த காலத்தில் மும்பை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பின் மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்தல் நடத்தப்படாமல் நிருவாகியின் ஆட்சி நடந்தது. மதிப்பிட வேண்டிய மன்றம் இல்லாத நேரத்தில்தான் மாபெரும் மாற்றங்கள் கடந்துசெல்கின்றன. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிவைப்பது நில வணிகத்தோடு தொடர்பற்றது என்று எவரும் நம்ப வேண்டியதில்லை.

கேரளத்தின் முயற்சி, அதன் எல்லை

மாற்று வழி உண்டா என்ற கேள்விக்குக் கேரளம் ஒரு பதிலை முயன்றது. இடது சனநாயக முன்னணி ஆட்சியில் 2008இல் நிறைவேறிய நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், வயலை நிரப்பி மனையாக்குவதைத் தடை செய்தது. ஒவ்வோர் ஊராட்சியிலும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது. ஊராட்சித் தலைவர் அதன் தலைவர். வேளாண் அலுவலர் அமைப்பாளர். கிராம அலுவலரும் மூன்று விவசாயிகளும் உறுப்பினர்கள். ஊரில் எது வயல், எது ஈரநிலம் என்ற தரவுப் பட்டியலை அந்தக் குழுவே தயாரிக்க வேண்டும். வேறு நிலமற்ற உரிமையாளர் தம் குடும்பத்துக்கு வீடு கட்ட ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை பரிந்துரைக்கலாம். மதிப்பிடும் கண்ணை மண்ணை அறிந்தவர்களிடம் கொடுத்ததே இச்சட்டத்தின் சிறப்பு.

அதன் வரலாற்றை முழுமையாகப் பேச வேண்டுமானால் 2018ஆம் ஆண்டின் திருத்தத்தையும் பேச வேண்டும். தரவுப் பட்டியலில் சேராத, 2008க்கு முன்பே நிரப்பப்பட்ட நிலங்களைக் கட்டணம் பெற்று வகைமாற்ற அது வழிசெய்தது. பொதுத் தேவைத் திட்டங்களில் அரசு விலக்களிக்கும் வாய்ப்பும் விரிந்தது. சிறு உடைமையாளர்களின் நெடுநாள் இடர்ப்பாட்டைத் தீர்க்கவே அது என்று அரசு கூறியது. உள்ளூர்க் குழுவின் பிடி தளர்ந்தது என்று சூழல் ஆர்வலர்களும் இடதுசாரிகள் சிலரும் கூறினர். நல்ல சட்டம் இயற்றிவிட்டால் போராட்டம் முடிந்துவிடாது என்பதும், நில வாடகையின் அழுத்தம் இடதுசாரி ஆட்சியின் வாசலிலும் வந்து நிற்கும் என்பதும் இந்த அனுபவத்தின் பாடம்.

கோப்பு வரும்போது கேட்க வேண்டியவை

மன்றத்தில் ஒரே ஒருவராக இருக்கும் கட்சி உறுப்பினராலும் சில கேள்விகளைப் பதிவு செய்ய முடியும்.

முதலாவது, இம்மாற்றத்தைக் கேட்பவர் யார்? உரிமையாளரா, அவர் பெயரில் இயங்கும் கட்டுமான நிறுவனமா? கடந்த சில ஆண்டுகளில் அந்த நிலம் எத்தனை கை மாறியது? மாற்றத்துக்குச் சற்று முன்னர் வாங்கப்பட்ட நிலமாயின் உள்தகவல் யாருக்கு எட்டியது?

இரண்டாவது, அந்த நிலத்தில் இன்று உழைப்போர், குடியிருப்போர், குத்தகைக்குப் பயிரிடுவோர் யார்? ஆவணத்தில் பெயரில்லாதவர்களின் கணக்கெடுப்பு நடந்ததா?

மூன்றாவது, குடிநீர், வடிகால், சாலை, பாலம், தீயணைப்பு ஆகியவற்றின் தாங்குதிறன் குறித்து அந்தந்தத் துறையின் எழுத்துப்பூர்வக் கருத்து பெறப்பட்டதா?

நான்காவது, அந்த வட்டத்தில் பள்ளி, பூங்கா, விளையாட்டுத் திடல், அங்கன்வாடி ஆகியவற்றுக்குத் திட்டம் ஒதுக்கிய நிலத்தில் எவ்வளவு ஏற்கெனவே கரைந்துவிட்டது?

ஐந்தாவது, மாற்றத்தால் நிலமதிப்பு எவ்வளவு உயரும்? அதில் பொதுமக்களுக்குத் திரும்பும் பங்கு என்ன? பணமாகவா, நிலமாகவா? பணம் கருவூலத்தில் மறையும். நிலம் கண்முன் நிற்கும். ஆகவே நிலமாகக் கேட்பதே முறை.

ஆறாவது, அறிவிப்பு மக்கள் படிக்கும் மொழியில், அவர்கள் நடமாடும் இடத்தில், போதிய விவரத்தோடு வைக்கப்பட்டதா? விசாரணை கூலி வேலைக்குச் செல்வோர் வரக்கூடிய நேரத்தில் நடக்கிறதா?

ஏழாவது, இதே பகுதியில் இதற்குமுன் வழங்கப்பட்ட மாற்றங்கள் எத்தனை? ஒவ்வொன்றும் சிறு திருத்தம் என்று சொல்லப்பட்டாலும், பத்துச் சிறு திருத்தங்கள் சேர்ந்தால் திட்டமே வேறாகிவிடும். அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை வராவிட்டால் தீர்மானத்தை ஒத்திவைக்கக் கோர வேண்டும். ஒத்திவைக்காவிட்டால் மறுப்பைக் காரணங்களோடு எழுத்தில் கொடுத்து நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்ய வேண்டும். வாய்மொழி எதிர்ப்பு அன்று மாலையே மறைந்துவிடும். குறிப்பேட்டில் பதிந்த மறுப்பு பத்தாண்டுக்குப் பிறகும் நீதிமன்றத்தில் பேசும்.

கிளையின் பணி

மன்ற உறுப்பினரால் மட்டும் இது ஆகாது. ஆட்சேபனைக் காலம் அறிவிப்பு வெளியான நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலான போராட்டங்கள் தோற்பது அந்த நாட்கள் கடந்த பின்னர் செய்தி தெரிவதால்தான். எனவே ஒவ்வொரு நகரக் குழுவிலும் அரசிதழையும் நாளிதழ் அறிவிப்புகளையும் தொடர்ந்து பார்க்கும் பொறுப்பை ஒரு தோழரிடம் ஒப்படைக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பத்தையும் துறைக் குறிப்புகளையும் பெற வேண்டும். புல எண்ணைத் தெருப் பெயராக மாற்றி, வரைபடத்தைச் சுவரொட்டியாக்கி, மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஆட்சேபனை மனுக்களைத் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் தனித்தனியே எழுத வேண்டும். ஒரே வாசகம் அச்சிட்ட ஆயிரம் தாளை அதிகாரி ஒன்றாக எண்ணுவார்; தம் வாழ்வைத் தம் சொல்லில் எழுதிய நூறு மனுக்களை நூறாகவே எண்ண வேண்டியிருக்கும்.

வளர்ச்சிக்கு எதிரிகள் என்ற பழி வரும். அதற்கு விடை எளிது. வளர்ச்சி வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொன்னதில்லை. மும்பையையும் தில்லியையும் கட்டியவர்கள் அவர்கள்தாம். அவர்கள் கேட்பது, கட்டிய நகரத்தில் தமக்கும் ஓர் இடம். அந்த இடம் முதலில் பறிபோவது புல்டோசர் வரும் நாளில் அல்ல. அதற்குப் பல ஆண்டுகள் முன்னர், மன்றக் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்காமல் ஒரு வரித் தீர்மானம் நிறைவேறும் நாளில். அந்தக் கூட்டத்தில் கட்சியின் குரல் கோப்பைப் படித்துவிட்டு வந்த குரலாக இருக்க வேண்டும்.